ஆற்றோடு விட்ட சட்டை

பாபநாசத்தில் முழுக்குப் போடுகிறவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுக் கரையேறுவார்கள். பாவம் துணியோடு போய்விடுமாம். பாவம் எங்கே போகிறதோ தெரியாது, துணி பாறை இடுக்கில்தான் சிக்கிக் கிடக்கும். அதில் கழுத்து மாட்டி ஒரு நீர்நாய் செத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான், நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து அந்தத் துணிகளை எடுக்க ஆரம்பித்தோம். வெந்நீரில் அலசி, கிழித்து, கால்மிதியாகப் பின்னி அம்பாசமுத்திரம் கடைகளுக்குக் கொடுத்தோம். ஆற்றில் துணி குறைந்தது. படித்துறைக்குக் கீழே ஒரு நீர்நாய் மூன்று குட்டிகளோடு வந்து தங்கியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஊருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏட்டி, அடுத்தவன் கழிச்சுப் போட்டத வீட்டுக்குள்ள கொண்டு வாரியே, ஒட்டிக்கிடும்" என்று மாமியார் வாசலிலேயே மறிப்பார். நான் சிரிப்பேன். பிறகு எங்களில் ஒருத்தியின் புருஷன் பைக்கிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அவள் வருவதை நிறுத்தினாள். இன்னொருத்திக்குக் கரு கலைந்தது. அவளும் வரவில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தபோது, துணியைத் தொட எனக்கே கை கூசியது. பயந்தேன், பொய் சொல்லவில்லை. குட்டிகளை நினைத்துத்தான் போனேன். என் கணவர் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் பேச்சைவிட அதுதான் என்னை உறுத்தியது.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை, தாய் நீர்நாய் பாறையைச் சுற்றிச் சுற்றி முங்கி எழுந்து கத்திக்கொண்டிருந்தது. இடுக்கில் தெரிந்த சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். குட்டியும் கூடவே வந்தது, விறைத்துப்போய். கட்டம் போட்ட சட்டை. வெள்ளைப் பட்டன்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கறுப்பு. நான் தைத்தது.

குட்டியைக் கரையில் புதைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவரிடம் சட்டையை நீட்டினேன்.

"ஜோசியரு சொன்னாரு. நீ கொண்டு வந்தது புள்ளைய விட்டுப் போட்டும்னுதான் சட்டைய ஆத்தோட விட்டேன்."

சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மகளுக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது. எதனால் நின்றது என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தாயையும் மற்ற இரண்டு குட்டிகளையும் அதன்பிறகு அங்கே காணவில்லை. ஆற்றில் மறுபடி துணி சேர்கிறது.

அந்தச் சட்டையையும் கிழித்துக் கால்மிதி பின்னி எங்கள் வாசலிலேயே போட்டிருக்கிறேன். அவர் அதை மிதிப்பதில்லை. தாண்டித்தான் வருகிறார்.