சுவர்ப்பக்கம் சாய்ந்த நெருப்பு

கணினியைத் திறப்பதற்கு முன் நெரிடா ஸம்மிட், பாய்லரின் ஏழாம் தளத்துக்கு ஏறிவிடுகிறார். பார்வைத் துளையின் மூடியை விலக்கி, நீலக் கண்ணாடித் துண்டைக் கண்ணருகே பிடித்து, உள்ளே சுழலும் நெருப்பைப் பார்க்கிறார். "என்னடா, இன்னிக்கு ஒழுங்கா இருக்கியா?" என்று விசாரிக்கவும் செய்கிறார்.

ஐம்பத்து மூன்று வயது. லாட்ரோப் பள்ளத்தாக்கில், பழுப்பு நிலக்கரி எரிக்கும் ஒரு மின்நிலையத்தில் வேலை. பாய்லருக்குள் கரித்தூள் எங்கே பற்றுகிறது, எந்தச் சுவரைச் சுடுகிறது என்று கணினியில் கணக்கிட்டு வண்ணப் படமாக்குவார். ஒரு படத்துக்கு மூன்று நாள் ஆகும். அதுவரை அவர் அறைக்கதவை யாரும் அறைந்து சாத்தக்கூடாது, கணக்குக் கலைந்துவிடுமாம்!

மூத்த ஆபரேட்டர் டெஸ் ஹாலரன் சும்மா விடமாட்டார். "நெரிடா, உன் கலர் படத்துல மழை எப்போன்னு போட்டிருக்கா?"

போன குளிர்காலத்தில் அந்தக் கேலி நின்றுபோனது. சுவரில் இறுகியிருந்த சாம்பல் பாறை ஒன்று பெயர்ந்து அடித்தொட்டித் தண்ணீரில் விழ, பக்கத்தில் அடைப்பெடுத்துக்கொண்டிருந்த தொழிலாளி வின்ஸின் மேல் கொதிநீர் தெறித்தது. தோள் வெந்து ஆறு வாரம் ஆஸ்பத்திரி.

"சாம்பல் வலப்பக்கம்தான் சேரும்னுச்சு உன் படம். அதை நம்பித்தான் அவன் இடப்பக்கம் நின்னான்" என்றார் டெஸ்.

பராமரிப்புக்காகப் பாய்லரை நிறுத்திக் குளிரவைத்ததும், நெரிடா டார்ச்சும் அளவு நாடாவுமாகக் காற்றுக் குழாய்களுக்குள் தவழ்ந்து போனார். ஒன்பது நாள். வரைபடத்தில் முழுதாகத் திறந்திருந்த ஒரு தடுப்புத் தகடு, நிஜத்தில் துருவேறிப் பாதி மூடிக் கிடந்தது. கரியப்பிய முகத்தோடு வெளியே வந்தார்.

"தப்பு என்னுதுதான், டெஸ். போய்ப் பாக்காம காகிதத்தை நம்பிட்டேன்."

உண்மை அளவுகளைக் கொடுத்ததும், படத்தில் நெருப்பு இடச்சுவரில் போய்ச் சாய்ந்தது. தகட்டைச் சரிசெய்தால் மட்டும் போதாது, அந்தப் பக்கத்துக்குக் கரி அரைத்து அனுப்பும் ஆறாவது மில்லுக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்றது புதுக் கணக்கு. மின்சாரம் குறையும் என்று டெஸ் இரண்டு நாள் சண்டை போட்டார். "சரி, ஒரே ஒரு வாரம். அதுக்கு மேல கேக்காதே."

ஐந்து மாதமாகிறது. சாம்பல் இப்போது மெல்லிய தோலாகத்தான் படிகிறது; தண்ணீர் பீய்ச்சினால் போய்விடுகிறது. வேலைக்குத் திரும்பிய வின்ஸ், "பாறை விழுமோன்னு அண்ணாந்து பாக்கிற பழக்கமே விட்டுப்போச்சு" என்கிறார்.

நேற்றுக் காலை, அடுத்த பாய்லருக்கான கணக்கோடு நெரிடா கட்டுப்பாட்டு அறைக்குப் போய் வாசலிலேயே நின்றார். டெஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலை நீட்டி, ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார்.