புங்கமரத்துக்கு அப்பிய சாணி

அடையாறில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டு வீடுகள். எல்லோரும் வேண்டாமென்று தள்ளிவிட்ட செயலாளர் பொறுப்பு பல வருடமாக என் தலையில்தான் கிடக்கிறது. அந்தப் பதவியில் நான் செய்த பெரிய முட்டாள்தனம், வாசல் புங்கமரத்தை முருங்கை மாதிரி நடத்தியது.

பின்பக்கத்தில் எங்களுக்கு ஒரு முருங்கை உண்டு. வருடா வருடம் அதை இடுப்பு உயரத்துக்கு வெட்டி, வெட்டுவாயில் சாணி அப்பிவிடுவேன். அடுத்த முறை காய் சடை சடையாகத் தொங்கும். அந்தத் தெம்பில், ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் வைத்துப் புங்கமரத்தையும் மொட்டை அடித்தேன். மொட்டையாக நின்ற கிளைகளின் தலையில் சாணியும் அப்பச் சொன்னேன். இரண்டே மாதத்தில் குபுகுபுவென்று துளிர்த்தது. பார்த்தீர்களா என் கைராசியை என்று எட்டு வீட்டிலும் பீற்றிக்கொண்டேன். நான்கு வருடம் இதே கூத்து.

மரம் மதிலுக்கு உள்ளே, நிழல் பாதி வெளியே. அந்தப் பாதியில்தான் இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டி நிற்கும். கரிப்பெட்டிச் சூட்டோடு பகல் முழுக்க நிற்கிற மனிதர். எங்கள் தெருவில் வேறு மரமே கிடையாது. இந்த நிழல் போனால் அவர் தெருவை விட்டே போகவேண்டியதுதான்.

போன வருடம் ஒரு பிற்பகல் காற்றோடு மழை அடித்தது. கை கனத்துக்கு வளர்ந்திருந்த ஒரு கிளை கழன்று அவர் வண்டிமேல் விழுந்தது. வண்டிக் கூரை நசுங்கி, அவருக்குத் தோளில் நல்ல அடி. காரில் காக்கா எச்சமிடுகிறது என்று ரொம்ப நாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்த மூன்றாம் மாடிக்காரருக்கு இது போதாதா? கூட்டம் போட்டு, மரத்தை அடியோடு எடுத்துவிடலாம் என்றார். 'ஆபத்தான மரம்' என்று மாநகராட்சியிடம் அனுமதி கேட்கும் மனுவை எழுதியவள் நான். முதல் கையெழுத்தும் என்னுடையது. இஸ்திரிக்காரரை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

மரத்தைப் பார்க்க வடபழனியிலிருந்து ஒரு மரம் அறுப்பவர் வந்தார். கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். தூர்ப்பக்கம் குனிந்து, மண் வெடித்திருக்கிறதா, காளான் பூத்திருக்கிறதா என்று பார்த்தார். நந்தனத்தில் போன வாரம் ஒரு மரத்தை எடுத்தாராம். தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம் வந்ததாம், ஒரு பக்கம் வேர் மண்ணைத் தூக்கியிருந்ததாம். அதை விட்டுவைத்தால் ஆள் காலி, இது கல்லு மாதிரி இருக்கிறது என்றார். பிறகு ஏணி போட்டு ஏறி, கையில் காய்ந்த சாணிக் கட்டியோடு இறங்கினார்.

"யாரு இத்த முருங்கைன்னு நெனச்சிகினு வெட்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான்கு வருடமாக நன்றாகத்தானே துளிர்த்தது என்று சண்டைக்குப் போனேன். அவர் அசரவில்லை. தலையை வெட்டினால் மரம் பதறிப்போய்க் கொத்துக் கொத்தாகத் துளிர் விடுமாம். அதெல்லாம் மேலோடு ஒட்டிக்கொண்டு நிற்குமே தவிர உள்மரத்தில் பிடிப்பு இருக்காதாம், கனத்ததும் கழன்றுவிடுமாம். சாணிக்கு அடியில் ஈரம் தங்கி வெட்டுவாய்களும் உளுத்திருந்தன.

எனக்கு அவமானமாக இருந்தது. இஸ்திரிக்காரரின் தோளில் விழுந்தது என் கைராசி. மனு என் கையில்தான் இருந்தது.

"மரத்து மேல தப்பில்ல. தப்பா வெட்டினது நான். என் கையெழுத்தை எடுத்துக்கறேன்" என்றேன்.

செயலாளர் கையெழுத்து இல்லாமல் மனு போகாது. மூன்றாம் மாடிக்காரர் மட்டும் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

மரக்காரர் ஒவ்வொரு கொத்திலும் திடமான ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் விட்டு மற்றதை எடுத்தார். கனமான கிளையை முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்துவிட்டு, அப்புறம்தான் மேலிருந்து அறுத்தார். பட்டை உரியாமல் இருக்க. உளுத்ததை, கிளை மரத்தோடு சேரும் இடத்தில் வளையம் மாதிரி புடைத்திருக்குமே, அதைத் தொடாமல் அதை ஒட்டி எடுத்தார். எதையும் அப்பவில்லை. இரண்டு வருடம் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் சித்திரை வெயிலில் மரத்துக்குக் கால்வாசி நிழல்தான். இஸ்திரிக்காரர் பழைய ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கட்டிக்கொண்டு, நிழல் நகர நகர வண்டியைத் தள்ளிக்கொண்டே தேய்த்தார். எல்லாம் என்னால்தான் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

போன வாரம் துணி கொடுக்கப் போனபோது மரம் நன்றாகவே தழைத்திருந்தது. மழைக்காலம் வருகிறதே என்று, பழக்கதோஷம், அண்ணாந்து பார்த்தேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இன்னாம்மா மேல பாத்துகினு கீற?"

சும்மாதான் என்றேன்.

"பாக்கறதோட நிறுத்திக்கோம்மா."