விடையைக் காப்பியடித்த சோதனை

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் பச்சை. அவன் எழுதிய சோதனைகளை ஓட்டினால் திரை முழுக்கப் பச்சைதான். சிவப்பு என்ற பேச்சே கிடையாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். "என் பையன் கம்ப்யூட்டருக்கே பரீட்சை வைக்கிறான்" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் யாராக இருந்தாலும் அப்பா சொல்லிவிடுவார். அதில் பொய்யும் இல்லை.

ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்கும் கருவிக்கு டீபக்கர் என்று பெயர். அந்த நொடியில் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் கைவசம் வைத்திருக்கும் எண்கள், ரெஜிஸ்டர் எனும் சின்னச் சின்ன அறைகளில் இருக்கும். டீபக்கர் அவற்றை உள்ளது உள்ளபடி காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் அவன் உத்தியோகம். அறையில் ஓர் எண்ணைப் போட வேண்டும். என்ன தெரிய வேண்டும் என்று தானே கணக்குப் போட்டு எழுதி வைக்க வேண்டும். பிறகு டீபக்கரைக் கேட்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை.

புது பிராசஸர் வந்தபோது அறைகள் எக்கச்சக்கம். சிலது மற்றதைவிட அகலம், ஒன்றுக்குள் இரண்டு எண். எழுதி எழுதி அலுத்துப்போனவன் ஒரு மத்தியானம் குறுக்கு வழியில் இறங்கினான். டீபக்கரை ஓட்டி, அது காட்டியதை அப்படியே எடுத்து, சரியான விடை என்று ஒட்டிவிட்டான். மாணவன் எழுதியதையே வைத்து மாணவனைத் திருத்தினால் எவன் ஃபெயில் ஆவான்? மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். இவனும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டான்.

பிறகு, மோட்டார் செய்கிற வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் வந்தது. அகல ரெஜிஸ்டரில் முன் எண் பின்னாலும் பின் எண் முன்னாலும் தெரிகிறதாம். அதை நம்பி, ஒழுங்காக ஓடிய தங்கள் புரோகிராமை அக்கு அக்காகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

ரெஜிஸ்டரைத் திரையில் காட்டும் பகுதியை எழுதியவர், எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் சீனியர். மேனேஜர் அவன் எதிரிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"பச்சை டெஸ்ட் பண்ணப்போ பாஸ். அதுக்கப்புறம் நீங்கதான் எதையோ நோண்டியிருக்கீங்க. அடுத்த பிராசஸரை வேற ஆள்கிட்ட கொடுக்கலாம்னு பாக்குறேன்."

"தொடவே இல்ல சார்." அக்கா யோசித்தார். "ஆனா இவன் டெஸ்ட்ல தப்பு வராது. நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன் போல."

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. சீட்டுக்குப் போய், அன்றே செய்திருக்க வேண்டிய கணக்கைப் போட்டு, புது விடைகளை எழுதி ஓட்டினான். சிவப்பு.

அந்தப் பக்கம் வந்த மேனேஜர் எட்டிப் பார்த்தார். "புடிச்சுட்டான்யா! நம்ம பச்சைன்னா சும்மாவா!"

நாலு பேர் கைதட்டினார்கள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவனுக்கு.

அக்கா மட்டும் குனிந்து திரையைப் பார்த்தார். பழைய விடையும் புதிய விடையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பழையதில் எண்கள் டீபக்கர் காட்டும் அதே இடம் மாறிய வரிசையில்.

"இது எங்கேருந்துடா வந்துச்சு?"

"டீபக்கர்கிட்டேருந்துதான்க்கா."

"அதையே கேட்டு அதுக்கே மார்க் போட்டியா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "உன் டெஸ்டை நம்பி நான் இல்லாத தப்பைத் தேடிட்டிருந்தேனே."

அவன் எழுந்தான். "சார், கை தட்டாதீங்க. விடையை நான் கணக்குப் போடல. காப்பியடிச்சேன். அக்கா பிறகு எதையும் மாத்தல. தப்பு முதல்லேருந்தே இருந்துச்சு, நான்தான் பாக்கல."

மேனேஜர் சிரிப்பு அப்படியே நின்றது. "படிச்சவன்தானேப்பா நீ?"

பஸ்ஸில் அப்பா சொல்லும் பெருமைதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"எண்ணை மாத்திக் காட்டுறது நான் எழுதின புரோகிராம்தான் சார், நானே சரி பண்ணிடுறேன்" என்றார் அக்கா. "அடுத்த பிராசஸரும் நானே பாக்குறேன். ஆனா விடையை இனிமே வேற யாராவது எழுதட்டும். இவன் ஓட்டினா போதும்."

மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். அக்கா பழைய விடைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார வேண்டியிருந்தது. அவன் நாற்காலியை விட்டு விலகி, கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை.