ரோஸி வைத்த ஜீரோ

டீ வந்து கால் மணி நேரம் ஆகிறது. மேலே ஆடை படிந்துவிட்டது. ரோஸி இன்னும் கிளாஸைத் தொடவில்லை. சூடான கிளாஸைப் பிடித்த கையோடு வெர்னியர் அளவுகோலைப் பிடித்தால் இரும்பில் சூடு ஏறும், அளவு மாறும் என்பது அவர் கட்சி. பதினாறு வருடமாக ஆறிய டீதான் குடிக்கிறார். "எனக்கு டீய விட பின்னு முக்கியம்" என்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கலியமூர்த்தியின் பட்டறையில் நான்கு லேத்துகள். அவற்றில் கடைந்து வரும் உருளை வடிவ இரும்புப் பின் எதுவும் ரோஸியின் மேஜையைத் தாண்டாமல் வெளியே போகாது. பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தவர். சாப்பாட்டு நேரங்களில், கழித்துப்போட்ட பின்களைத் திரும்பத் திரும்ப அளந்து தானே பழகிக்கொண்டார். லேத்திலிருந்து சுடச்சுட வருவதை ஆறவிட்டுத்தான் அளப்பார். வெர்னியரை யாராவது இரவல் கேட்டால், "என் மூக்குக் கண்ணாடியக் கேளு, தரேன்" என்று மேஜையைப் பூட்டிவிடுவார்.

தினமும் காலையில் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து மேஜைக்குள் வைத்துக்கொள்வார். ராசிபலனுக்கு என்று நினைத்தவர்கள் உண்டு. அதற்கல்ல. வெர்னியரின் கவ்விப் பிடிக்கும் இரண்டு தாடைகளுக்கு நடுவே அந்தத் தாளை வைத்து, லேசாக மூடி, மெதுவாக உருவுவார். கண்ணுக்குத் தெரியாத அழுக்கெல்லாம் தாளோடு வந்துவிடும். துணியென்றால் நூல் விட்டுவிடுமாம்.

தொண்ணூற்றிரண்டாம் வருடம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கலியமூர்த்தி பாரிமுனைக்குப் போய் டிஜிட்டல் வெர்னியர் ஒன்று வாங்கி வந்தார். கைக்கடிகாரம் போலச் சின்னத் திரையில் எண் தெரியும். மறுநாள் பூஜையில் அதையும் சாமி படத்துக்கு முன் வைத்தார்கள். சந்தனமும் குங்குமமும் வைப்பது லேத்துக்காரர் கன்னியப்பனின் உரிமை. நான்கு லேத்துக்கும் வைத்தார். புதியதன் தாடைகளுக்கும் மறக்காமல் வைத்தார். ரோஸி கழுத்துச் சிலுவையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு கடைசி வரை நின்று, பொரி வாங்கிக்கொண்டு போனார்.

லீவு முடிந்து பட்டறை திறந்த அன்று ரயில் முக்கால் மணி நேரம் தாமதம். ரோஸி வரும்வரை முதலாளிக்குப் பொறுமை இல்லை. தாடையை வேஸ்ட் துணியால் ஒரு துடை துடைத்து, பொத்தான் பேட்டரியைப் போட்டு, தாடைகளை மூடி ஜீரோ பொத்தானை அழுத்தி, கன்னியப்பன் கடைந்து வைத்திருந்த முந்நூறு பின்களில் ஒன்றை எடுத்து அளந்தார். இருபது மில்லிமீட்டர் பின். பத்தொன்பது புள்ளி தொண்ணூற்றைந்துக்குக் கீழே போகக் கூடாது. திரையில் தொண்ணூற்றுமூன்று. பத்துப் பின்னை அளந்தும் அப்படியே.

ரோஸி உள்ளே நுழைந்தபோது சிவப்புப் பெயின்ட் டப்பா திறந்திருந்தது. சிவப்புப் புள்ளி வைத்துவிட்டால் அந்தப் பின் கழிவு. பதினோரு மணிக்குப் பின்களை ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வரும்.

"இன்னாக்கா இது, பேஜாரா கீது. பன்னெண்டு வருசமா கம்பெனிலேர்ந்து என் சரக்கு ஒரு லாட்டு திரும்பி வந்தது கெடையாது" என்றார் கன்னியப்பன்.

ரோஸி பழைய வெர்னியரை எடுத்து ஒரு பின்னை அளந்தார். "சரியாத்தானே கீது."

"பழசு தேஞ்சிருக்கும்மா. இது ஜப்பான் சரக்கு" என்றார் கலியமூர்த்தி.

"ஜப்பானாவே இருக்கட்டும் மொதலாளி. ஜீரோ எதுன்னு நாமதானே அதுக்குக் காட்டணும்."

கை கழுவி, துடைத்து, உலரவிட்டு, புதியதைக் கையில் எடுத்தார். தாடைகளை மூடி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். முழுக்க ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் முடி அளவுக்கு வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. திறந்து பார்த்தார். துணிக்குத் தப்பிய சந்தனம் மெல்லிய பொருக்காகக் காய்ந்திருந்தது.

காலண்டர் தாளை எடுத்ததும் கன்னியப்பன் குறுக்கே வந்தார். "யக்கா, சாமிக்கு வச்ச பொட்டுக்கா. தொடைக்காதே. பூஜ போட்டு நாலு நாளு ஆவல."

"உன் பின்னையெல்லாம் கொறச்சுக் காட்டுறது அந்தப் பொட்டுதான் கன்னியப்பா. பொட்டு கனத்தையும் சேத்து ஜீரோன்னு எடுத்துக்கினு, அத்தினியும் கழிச்சுக் காட்டுது. செவப்புப் புள்ளிய உன் பின்னுக்கு நீயேதான் வச்சுக்கினே."

லேத்துக்காரர்கள் சிரித்தார்கள். கன்னியப்பன் சிரிக்கவில்லை. பெயின்ட் டப்பாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அப்புறம் விலகி நின்றார்.

ரோஸி தண்ணீர் தொட்ட விரலால் சந்தனத்தை ஊறவைத்து எடுத்தார். தாளை வைத்து உருவினார். இன்னொரு தாள். மூன்றாவது தாள் வெள்ளையாகவே வந்தது. மறுபடி ஜன்னலுக்குத் தூக்கினார், வெளிச்சம் இல்லை. மூடியபடியே ஜீரோவை அழுத்தினார். திறந்து மூடினார், ஜீரோ. இன்னொரு தரம், ஜீரோ. அதன் பிறகே பின்னை வைத்தார்.

பத்தொன்பது புள்ளி தொண்ணூற்றேழு.

முதலாளி பெயின்ட் டப்பாவைத் தானே மூடினார். ரோஸி யாரையும் பார்க்கவில்லை. பத்துப் பின்னை அளந்து நோட்டில் எழுதிவிட்டு, கருவியை அதன் பெட்டிக்குள் வைத்தார். கன்னியப்பன் நகராமல் நின்றுகொண்டிருந்தார்.

"பொட்டில்லாம வச்சா மனசு கேக்காதே உனக்கு" என்றார் ரோஸி. "போய் படத்தாண்ட குங்குமம் எடுத்துக்கினு வா."

அவர் வருவதற்குள் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பெட்டியின் மூடியை நீளத்தில் அளந்தார், அகலத்தில் அளந்தார், பாதியில் இரண்டு கோடு இழுத்தார். கோடுகள் சந்தித்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பெட்டியைக் கன்னியப்பன் பக்கம் நகர்த்திவிட்டு, மேஜையில் எப்போதோ வந்து ஆறிப்போயிருந்த டீயை எடுத்தார்.