போர்வையில் அன்னம்

இதை எழுதலாமா வேண்டாமா என்றே ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. எழுதினால் என் அறியாமையும் சேர்ந்து வெளியே வரும். பரவாயில்லை... வரட்டும்.

எங்கள் நெசவாளர் தெருவுக்குப் பின்னால் ஒரு ஃபக்கீர் மடம் இருக்கிறது. ஊர் ஊராக நடந்த ஃபக்கீர்கள் தங்கி, ஓதி, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம். ஆற்காட்டு நவாப் காலத்தது என்பார்கள். இன்று ஃபக்கீர்கள் யாரும் நடந்து வருவதில்லை. முதலில் வந்தவரின் சமாதி இருக்கிறது. வியாழக்கிழமைக் கஞ்சி இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓதிக்கொள்ள வரும் எங்கள் தெருப் பெண்களும் இருக்கிறார்கள்.

என் மகளுக்கு மூன்று வயதில் கடும் காய்ச்சல் வந்து பேச்சு நின்றுபோனது. டாக்டர் மருந்து கொடுத்தார். நான் வரதராஜப் பெருமாளிடம் அழுதேன். மடத்தைப் பார்த்துக்கொண்ட பாவா வாரா வாரம் ஓதி ஊதினார். ஒரு நாள், "அப்பா, தண்ணி" என்றாள். யாரால் வந்தது பேச்சு? எனக்குத் தெரியாது. எல்லோருக்கும்தானே நன்றி சொல்ல வேண்டும்?

சமாதிக்குப் பட்டுப் போர்வை போர்த்துவதாக என் மனைவி நேர்ந்திருந்தாள். பச்சைப் பட்டில் நானே நெய்தேன். பார்டர் முழுக்க ஜரிகையில் அன்னம் — எனக்குக் கைவந்த டிசைன் அதுதான்.

மடத்தில் பிரித்துக் காட்டியதும் டிரஸ்டி பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாபா இது, உயிருள்ள உருவத்தப் போட்டுக்கினு வந்திருக்க? இத்த கபுரு மேல போர்த்த முடியாதே."

என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. நேர்ந்தது நிறைவேறாவிட்டால் குழந்தைக்கு மறுபடி ஏதாவது ஆகுமோ என்ற பயம். "கத்திரி இருந்தா குடுங்க பாவா. பார்டர வெட்டிடறேன்" என்றாள்.

"புள்ளைக்காக நெய்ஞ்சத வெட்டுவியாமா? உக்காரு."

பாவா ஊசியும் பச்சை நூலும் எடுத்து வந்தார். பார்டரை உள்பக்கமாக மடித்துத் தைக்க ஆரம்பித்தார். அன்னங்கள் ஒவ்வொன்றாக மடிப்புக்குள் போயின. எழுபதைத் தாண்டிய கண்... தையல் ஆமை வேகத்தில் நகர்ந்தது.

டிரஸ்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீ முடிக்கிறதுக்குள்ள அடுத்த வருஷத்து உரூஸே வந்துடும் பாவா. குடு இப்பிடி."

மறுபக்க பார்டரை அவர்தான் தைத்தார். அன்றே போர்த்தினார்கள். மகள் பக்கத்தில் நின்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

பாவா இப்போது இல்லை. அதற்குள் கதை வளர்ந்துவிட்டது. போன வாரம் செவிலிமேடு பஸ்ஸில் ஒரு அம்மா என்னிடமே சொல்கிறார் — "பாவா ஓதினாராம், போர்வைல இருந்த அன்னம்லாம் பறந்துபோச்சாம்பா."

நானும் சாமி கும்பிடுகிறவன். அற்புதங்களை நம்புகிறவன். ஆனால் அன்னம் எங்கும் பறக்கவில்லை. படிக்கிற நீங்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள் — எதையும் சேர்க்காமல், அப்படியே. இரண்டு பேர் உட்கார்ந்து தைத்தார்கள் என்றே சொல்லுங்கள்.