யுவராணி வெட்ட மறுத்த நான்கு நிமிடங்கள்

போடியில் ஏலக்காய் தரம் பார்க்கும் யுவராணிக்கு மூட்டையின் வாயில் நம்பிக்கை கிடையாது. மேலே பச்சைப்பசேலென்று பெரிய காயாகத்தான் இருக்கும். அவள் முழங்கை வரை கையை விட்டு நடுவிலிருந்து அள்ளிப் பார்ப்பாள். முதலாளி மச்சானுடைய மூட்டையையே, “நடுவுல பூராம் பொக்கு, உள்ள விதையே இல்ல” என்று ஓரங்கட்டியவள். பதினாறு வருடமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறேன், எனக்குத் தெரியாதா?

அதே கையால்தான் வீட்டில் வீடியோ கேம் ஆடுகிறாள். நாற்பது வயதில் இதென்ன கூத்து என்று தெருவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். ஆடி முடித்ததை நம் பேச்சிலேயே யூடியூபில் சொல்வாள். இருபதாயிரம் பேர் கேட்கிறார்கள்.

போன வருடம் ஒரு கம்பெனி, வெளியாவதற்கு முன்பே தன் கேமை அவளுக்கு அனுப்பியது. அறுநூறு வருடத்துக்கு முந்தைய கடற்கரை நாடு. ஒற்றன் ஒருவன் கூரை கூரையாகத் தாவி, கூட்டத்தில் கலந்து, காவலன் கண்ணில் படாமல் எதிரியை முடிக்க வேண்டும். யுவராணி சொக்கிப்போனாள். சந்தையின் இரைச்சலையும் ஓட்டின் மேல் வெயில் விழும் அழகையும் வீடியோவில் பத்து நிமிடம் புகழ்ந்தாள். ஆனால் கேமில் வரும் ஒன்பது ஊரையும் ஆடி முடித்திருந்தாளே! எல்லா ஊரிலும் அதே வேலைதான்: கோபுரம் ஏறு, ஒட்டுக்கேள், கடிதம் திருடு, ஆளை முடி. கடைசி நான்கு நிமிடம் அதைக் கிழித்தாள்.

வீடியோவை முதலில் கம்பெனிக்குக் காட்ட வேண்டுமாம். காட்டிய மறுநாள், நாங்கள் காய் பொறுக்கும்போதே அவர்களுடைய ஆள் சுரேஷ்கண்ணன் போன் செய்தார்.

“அந்த நாலு நிமிஷத்தை மட்டும் எடுத்துடுங்க மேடம். இனிமே எங்க எல்லா கேமும் உங்களுக்கு முன்னாடியே வரும்.”

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஆசை இல்லாமலா? தேனிப் பக்கம் யாருக்கு அப்படி வந்திருக்கிறது?

“எடுக்க மாட்டேன் சார்” என்றாள். “நல்லாருக்குன்னு பத்து நிமிசம் சொல்லிருக்கேன்ல, அதை நாலு பேரு நம்பணும்னா இதுவும் கூட இருக்கணும்.”

“அப்ப லிஸ்ட்ல உங்க பேர் இருக்காது.”

“அழிச்சுக்கங்க.”

அன்றே முழுசாகப் போட்டாள். பேரும் அழிந்தது.

அந்தக் கேமின் அடுத்த பாகம் இந்த மாசியில் வந்தது. வெளியான அன்றே எல்லோரையும் போல வாங்கினாள், ஆடி முடித்தாள், கேமராவை நேராகப் பார்த்தாள்.

“இந்தத் தடவ எனக்கு யாரும் குடுக்கல. யாருட்டயும் காட்டிட்டுப் போடவும் வேண்டியதில்ல. ஆரம்பிப்பமா?”