மெர்சி மால்டாவிலிருந்து திரும்பியது

கவரைப்பேட்டை மெர்சிக்கு ஐம்பத்து நான்கு வயதில்தான் முதல்முறையாக ஒரு நீண்ட விடுமுறை வாய்த்தது. அதற்கு முன் இருபத்து மூன்று வருடம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அவளுடைய அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். இவள் நின்றுகொண்டே அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினாள்.

மகள் ஷைனி மால்டாவில் நர்ஸ். மத்தியதரைக் கடலில் இருக்கும் சின்னத் தீவு நாடு அது. நம் ஊர்க் கணக்கில் ஒரு தாலுகா அளவுதான் தேறும். நாலு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்ததும் டிக்கெட்டையே எடுத்து அனுப்பிவிட்டாள்.

"நான் அங்க வந்து குந்திக்கினு இன்னாடி பண்றது?" என்று போனில் கேட்டாள் மெர்சி.

"குந்திக்கினே இரும்மா. அதுக்குத்தான் கூப்புடுறேன்."

புருஷன் பீட்டருக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. மூன்று மாதம் விட்டுவிட்டுப் போக முடியாது. ஜூன் மாதம் மெர்சி தனியாகவே விமானம் ஏறினாள்.

முதல் இரண்டு வாரம் அவளுக்குப் பொழுது நகரவில்லை. ஷைனி டியூட்டிக்குப் போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். மஞ்சள் கல் வீடுகள், மரத்தால் அடைத்த பால்கனிகள், ஆள் நடமாட்டம் குறைவு. எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு மீன் வடிவத்தில் பித்தளைப் பிடி ஒன்று மாட்டியிருந்தது. கறுத்துக் கிடந்த அதைப் பதினைந்து நாள் பார்த்தாள். பதினாறாம் நாள் காலையில் சமையலறையிலிருந்து ஒரு உருண்டை புளியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து, யாரையும் கேட்காமல் தேய்க்க ஆரம்பித்தாள்.

தேய்த்த தேய்ப்பில் மீன் கதவில் போய் இடித்தது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று உள்ளிருந்த பெண்மணி வந்து கதவைத் திறந்தாள். எதிரே கையெல்லாம் புளியோடு மெர்சி. பாதி மீன் பொன்னாக மின்னியது, மீதி கறுப்பு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மெர்சிக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த நேரம் பார்த்துக் காணாமல் போனது. "கிளீனிங்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண்மணி உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். அவள் பெயர் டோரிஸ். அறுபத்தெட்டு வயது, தனிக்கட்டை.

மறுநாள் டோரிஸ் அவளைக் கையோடு கோயிலுக்கு அழைத்துப் போனாள். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்காக ஏழெட்டுப் பெண்கள் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். மெர்சி புளியைக் கரைத்தாள். அவர்கள் டப்பாவில் வந்த பாலிஷைத் தள்ளி வைத்துவிட்டு அவளிடம் கை நீட்டினார்கள்.

அங்கே அவளுக்குப் பல சங்கதிகள் விளங்கின. பூசையில் ஆண்டவரை 'அல்லா' என்றுதான் கும்பிடுகிறார்கள். அவர்கள் பாஷையில் கடவுளுக்கு அதுதான் வார்த்தை. முதல் நாள் திடுக்கிட்டாள், பிறகு பழகிவிட்டது. கோபுரத்தில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று சரியான நேரம், மற்றது தப்பான நேரம். பூசைக்கு வரவிடாமல் தடுக்கும் சாத்தானைக் குழப்பத்தானாம். "எங்க சூப்பர்வைசருக்கு ஒன்னு இதுமாரி வேணும்" என்றாள் மெர்சி. டியூட்டி முடிந்து அங்கே வந்திருந்த ஷைனி அதை மொழிபெயர்த்ததும் டோரிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ரெஸ்ட் எடும்மான்னு கூட்டியாந்தா இங்கியும் வேல செய்றியே" என்று ஒருநாள் ஷைனி கோபித்துக்கொண்டாள்.

"இது வேல இல்லடி. யாரும் டைம் பாக்கல."

திருநாளன்று பேண்டு முழங்க, மாடிகளிலிருந்து காகிதத்துண்டுகள் மழையாகக் கொட்ட, மாதா சுரூபத்தை ஆண்கள் தோளில் தூக்கி வந்தார்கள். டோரிஸ் மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டுபோய், துலக்கிய பெண்களோடு முன்வரிசையில் நிறுத்தினாள். மெர்சி அழவில்லை. வெயில் அதிகம், கால் வலித்தது, அங்கிருந்து நகர மனமில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினாள். டோரிஸ் ஒரு டப்பா நிறையச் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தோல் சீவிக் கொண்டுவந்தாள். நம் ஊரில் ரயில் பாதை ஓரம் யாரும் சீண்டாமல் கிடக்கும் பழம். அங்கே சந்தையில் விற்கிறார்கள். "சஹ்ஹா" என்றாள் டோரிஸ். நன்றாக இரு, போய் வா, இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். மெர்சியும் "சஹ்ஹா" என்றாள்.

விமானம் மேலே ஏறியதும் தீவு முழுசாகத் தெரிந்தது. இதற்குள்ளேயா மூன்று மாதம் நடந்தோம் என்று அவளுக்கு ஆச்சரியம். எது பிடித்தது என்று யோசித்துப் பார்த்தாள். கடல் பிடித்தது. பஸ் டிரைவர் ஒவ்வொருவருக்கும் 'போன்ஜு' என்று காலை வணக்கம் சொன்னது பிடித்தது. யாருக்கும் தன்னைத் தெரியாத தெருவில், எங்கே போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நடந்தது எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. மறுபடி வருவோமா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை என்று பட்டது. அப்படிப் பட்டதில் அவளுக்கே கொஞ்சம் வியப்பு.

திங்கட்கிழமை கம்பெனி வேனில் ஏறினாள். சாப்பாட்டு வேளையில் கூட வேலை செய்யும் சோனியா கேட்டாள்: "அங்க இன்னாக்கா ஸ்பெஷலு?"

"அங்கியும் பித்தளை கறுக்குது" என்றாள் மெர்சி.

ஜனவரியில் அவள் சூப்பர்வைசர் ரகுவிடம் போய் மூன்று நாள் லீவு கேட்டாள்.

"ஊட்டுல எதுனா விசேஷமாக்கா?"

"ஒன்னுமில்ல. பழவேற்காடு போய்ப் பாக்கணும்."

ரகு அவளை ஒருமாதிரி பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டான். பீட்டரும் ஒருநாள் லீவு போட்டான். பொன்னேரி போய் பஸ் மாறி, இருவரும் ஏரியில் படகு ஏறினார்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும் இரண்டு பேருமே அதுவரை வந்ததில்லை. தூரத்தில் பூநாரைகள் தண்ணீரில் வரிசையாக நின்றன.

"அந்த ஊரு கடலும் இப்புடித்தான் இருக்குமா?" என்று பீட்டர் கேட்டான்.

"அது நீலமா கீது, ஆழம். இங்க சேறு." கொஞ்ச நேரம் பறவைகளைப் பார்த்துவிட்டு, "இதுங்க அங்க இல்லய்யா" என்றாள்.